பால் ஆடு வளர்ப்போரே, பயிற்சிக்கு மறுபடியும் போங்கள்

ஒருநாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியதோடு நின்றுவிடாதீர்கள். பால் குறைவது, மடி வீங்குவது போன்ற உண்மையான கேள்விகள் ஆடு கறக்கத் தொடங்கிய பிறகுதான் வரும். தினக் கறவை அளவு எழுதிய நோட்டுடன் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்துக்கோ மறுபடி போங்கள்.

பாலில் சோதனை மருந்தைக் கலந்து, அது கெட்டியாகிறதா என்று பார்க்கும் மடிநோய்ப் பரிசோதனையை மட்டும் கண்டிப்பாகச் செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள். பாலில் கலந்திருக்கும் உடல் செல்கள்தான் அப்படிக் கெட்டியாக்கும்; ஆட்டுப்பாலில் பசும்பாலைவிட இயல்பாகவே அந்தச் செல்கள் அதிகம். அதனால் மருந்து கலந்ததும் பால் லேசாகக் கெட்டியானாலே பயப்பட வேண்டாம். இரண்டு காம்புப் பாலையும் தனித்தனியாகச் சோதித்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அதிகம் கெட்டியானால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், முதல் சில பீச்சுப் பாலைக் கருப்புத் தட்டில் கறந்து திரி திரியாக இருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.