சொகுசுக் கப்பலில் சூட் எடுக்கிறீர்களா? இடத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

கப்பலில் சூட் (விலை உயர்ந்த பெரிய அறை) பதிவு செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் கேட்கிறார்கள். அறை எத்தனை சதுர அடி, பால்கனி எவ்வளவு பெரிது. அந்த அறை கப்பலில் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் இரவில் நிம்மதியாகத் தூங்குவோமா, வயிற்றைப் புரட்டுமா, பால்கனியில் அரைமணி நேரமாவது உட்கார முடியுமா என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்த இடம்தான். சோபாவும் குளியல் தொட்டியும் விளம்பரப் படத்திலேயே தெரிந்துவிடும். தலைக்கு மேலே நீச்சல் குளம் இருப்பது அதில் தெரியாது.

சாதாரண அறைக்கு ஆகும் செலவைப்போல இரண்டு மூன்று மடங்கு கொடுத்து சூட் எடுத்துவிட்டு, முதல் நாள் காலையிலேயே வரவேற்பு மேசையில் போய் வேறு அறை கேட்டு நிற்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். பதிவு செய்யும் முன் கால்மணி நேரம் தள வரைபடத்தைப் பார்த்திருந்தாலே அந்த அலைச்சல் வந்திருக்காது.

உயரமும் முனையும்தான் உசத்தி என்று நினைப்பது

1871-இல் வைட் ஸ்டார் நிறுவனத்தின் ஓஷியானிக் கப்பல் அட்லாண்டிக்கில் முதல் பயணம் போனது. அதுவரை முதல் வகுப்பு அறைகள் கப்பலின் பின்பக்கம் இருப்பதுதான் வழக்கம். ஓஷியானிக்கில் அவற்றை நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். அதிர்வும் ஆட்டமும் நடுவில் குறைவு என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

இன்றைய கப்பல்களில் நிலைமை தலைகீழ். பால்கனியும் கடல் காட்சியும்தான் இப்போது விலையை ஏற்றுகின்றன. அதனால் மிகப் பெரிய சூட்கள் பெரும்பாலும் மேல் தளங்களிலும், முன் முனையிலும், பின்பக்க மூலைகளிலும் போய் உட்கார்ந்துவிட்டன. அதாவது, கப்பலிலேயே ஆட்டம் அதிகம் தெரியும் இடங்களில்.

கப்பல் முக்கியமாக இரண்டு விதமாக ஆடும். ஒன்று, இடம் வலமாகச் சாய்வது. உயரே போகப் போக இது கூடும். இன்னொன்று, முன்பக்கமும் பின்பக்கமும் மாறி மாறி ஏறி இறங்குவது. சீசா பலகையின் நடுவில் நிற்பவருக்கு அசைவு குறைவாகவும் நுனியில் உட்கார்ந்தவருக்கு அதிகமாகவும் தெரிவது போலத்தான் இது. “ஸ்டெபிலைசர் இருக்கு சார், ஆட்டமே தெரியாது” என்று முகவர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. கப்பலின் இரு பக்கமும் நீருக்கடியில் நீளும் அந்தத் துடுப்புகள் பக்கவாட்டுச் சாய்வைத்தான் குறைக்கும். முன்பின் ஏற்ற இறக்கத்துக்கு அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. முனையில் இருக்கும் சூட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதையே எல்லாப் பயணத்துக்கும் பொருத்திப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போகும் மலாக்கா நீரிணை, ஒருபுறம் சுமத்ராவும் மறுபுறம் மலாய் தீபகற்பமும் காக்கும் கடல். அங்கே பொதுவாகப் பெரிய அலை இருக்காது. சத்தமும் வெயிலும் இல்லாத இடமாகப் பார்த்தாலே போதும். சவுத்தாம்ப்டனிலிருந்து பிஸ்கே வளைகுடாவைத் தாண்டிப் போகும் பயணம், வட அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணம், அண்டார்டிகாவுக்கு முன் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் அகலமுள்ள டிரேக் நீரிணை ஆகியவை வேறு ரகம். அங்கே முனையில் இருக்கும் பெரிய சூட்டைவிட, நடுவில் நடு உயரத்தில் இருக்கும் ஒரு படி சின்ன சூட்டே மேல் என்பேன்.

நம் பக்கமும் ஓர் உதாரணம் உண்டு. 2023 ஜூனில் சென்னையிலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்குப் போனது. அந்தக் கப்பல் 1990-இல் கட்டப்பட்டது, மொத்தக் கொள்ளளவு சுமார் 48,500 டன். 2024-இல் வந்த ஐகான் ஆஃப் தி சீஸ் கிட்டத்தட்ட 2,48,600 டன், அதாவது ஐந்து மடங்கு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கையின் தென்கடல் கொந்தளிப்பாகத்தான் இருக்கும். எம்பிரஸ் அளவுள்ள கப்பலில் அந்தப் பருவத்தில் போவதென்றால், அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவதென்றால், கப்பலின் நடுவைத் தவிர வேறு இடத்தைப் பார்க்கவே வேண்டாம்.

மேலேயும் கீழேயும் பார்க்காமல் விடுவது

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். தூக்கத்தைக் கெடுப்பது பக்கத்து அறைக்காரர் அல்ல, மேல் தளம்.

நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் அறையில் விடியற்காலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வெளிச்சம் வரும் முன்பே பணியாளர்கள் தளத்தைக் கழுவ வருவார்கள். சாய்வு நாற்காலிகளை ஓர் ஓரமாக இழுத்துக் குவிப்பார்கள், தண்ணீர் பாய்ச்சுவார்கள், பிறகு ஒவ்வொன்றாக இழுத்து வரிசையாகப் போடுவார்கள். உலோகக் கால் தளத்தில் உரசும் ‘கிர்ர்’ என்ற சத்தம் கட்டில் வரைக்கும் இறங்கும். அது நின்றால் பஃபேக்கான தட்டு வண்டிகள் தடதடவென்று உருள ஆரம்பிக்கும். அவர்கள் மேல் தப்பில்லை, அது அவர்கள் வேலை. அந்த இடத்தில் அறை எடுக்காமல் இருப்பதுதான் நம் வேலை.

ஆகவே அறை எண் தெரிந்ததும் மூன்று தளங்களின் வரைபடத்தை எடுங்கள்: உங்கள் தளம், அதற்கு மேல் தளம், அதற்குக் கீழ்த் தளம். மூன்றிலும் லிஃப்டும் படிக்கட்டும் ஒரே இடத்தில்தான் வரும். அவற்றை அடையாளமாக வைத்து உங்கள் அறைக்கு நேர் மேலே என்ன, நேர் கீழே என்ன என்று பாருங்கள். மேலேயும் கீழேயும் அறைகளே இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். மேலே நீச்சல் குளம், உணவகம், ஜிம், ஓட்டப் பாதை, கூடைப்பந்து மைதானம் என்று இருந்தால் வேண்டாம். கீழே நாடக அரங்கமோ இரவு விடுதியோ இருந்தால் நள்ளிரவு வரை தரை அதிரும்.

தள எண்ணில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. ராசியில்லாத எண் என்று பல கப்பல்களில் 13-ஆம் தளமே கிடையாது, 12-க்கு மேல் 14 வந்துவிடும். இத்தாலிய மரபில் வந்த எம்எஸ்சி நிறுவனக் கப்பல்களில் அதே காரணத்துக்காக 17-ஐத் தாண்டிவிடுவார்கள். ‘மேல் தளம்’ எது என்று பார்க்கும்போது இதை மறக்காதீர்கள்.

வரைபடத்தில் எந்தப் பெயரும் இல்லாமல் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ விடப்பட்ட பகுதிகளையும் கவனியுங்கள். பெரும்பாலும் அவை சமையலறை, பணியாளர் கூடம், சரக்கு வழி போன்றவை. பெயர் இல்லாததால் அங்கே ஒன்றுமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அப்புறம், இரண்டு அறைகளுக்கு நடுவே இணைப்புக் கதவு இருந்தால் வரைபடத்தில் ஒரு சின்னக் குறி இருக்கும். குடும்பமாக இரண்டு அறை எடுப்பவர்களுக்கு அது வசதி, மற்றவர்களுக்குப் பக்கத்து அறைப் பேச்சு முழுவதும் கேட்கும் வழி.

முன்பக்க சூட், பின்பக்க சூட்

முன்பக்கம் பார்த்த சூட்டில் கேப்டன் பார்க்கும் காட்சியையே பார்க்கலாம் என்று ஆசை காட்டுவார்கள். காட்சி உண்மைதான். ஆனால் கப்பல் மணிக்கு 20 கடல் மைல் (20 நாட்) வேகத்தில் போனால், காற்றே இல்லாத நாளிலும் மணிக்கு 37 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் அடிக்கும். காற்று கூடினால் பால்கனிக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். இரவில் திரைச்சீலையை மூடி வைக்கவும் சொல்வார்கள். அறையின் வெளிச்சம் கப்பல் ஓட்டுபவர்களின் பார்வையை மறைக்கும் என்பதால் அது நியாயமான விதி. முன்பக்கத்துக் கீழ்த் தளங்களில், துறைமுகத்தில் அணையும் விடிகாலையில், கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் முன்பக்க உந்திகளின் உறுமல் கேட்கும். கரீபியன் தீவான கிராண்ட் கேமன் போல படகில் கரைக்குப் போகும் இடங்களில் நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தமும் சேர்ந்துகொள்ளும். எல்லா அறையும் சூட்தான் என்று விற்கும் சிறிய கப்பல்களில் கீழ்த் தள முன்பக்க சூட்களும் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

பின்பக்க மூலை சூட் எனக்கு மிகவும் பிடித்த இடம். இரண்டு பக்கமும் வளைந்து போகும் பால்கனி, கப்பல் கிழித்துவிட்டுப் போகும் வெண்ணுரைப் பாதை, காற்றும் குறைவு. அமைதியான கடலில் இதற்கு ஈடு இல்லை. குறைகளையும் தெரிந்துகொண்டு எடுங்கள். கப்பல் திரும்பும்போதும் கரையில் அணையும்போதும் உந்திகளின் அதிர்வு தெரியும். புகைபோக்கியிலிருந்து வரும் கரித்துகள் சில நாட்களில் பால்கனி மேசையில் படியும். பின்பக்கத் தளங்கள் படிக்கட்டு போல அமைந்த கப்பல்களில் மேல் தளத்தில் நிற்பவர்களுக்கு உங்கள் பால்கனி முழுவதும் தெரியும். பக்கவாட்டுப் பால்கனிகளிலும் முழுத் தனிமை கிடையாது. கப்பலை ஓட்டும் மேடை இரு பக்கமும் வெளியே நீண்டிருக்கும், அங்கே நிற்கும் அதிகாரிகளுக்குப் பால்கனி வரிசை கண்ணில் படும்.

ஒரு கப்பலின் கதையை இன்னொன்றுக்குப் பொருத்துவது

நார்வீஜியன் நிறுவனத்தின் ‘தி ஹேவன்’ என்பது சூட் விருந்தினர்களுக்கு மட்டுமான தனிப் பகுதி. 2013-இல் வந்த பிரேக்அவே கப்பலில் அது முன்பக்கம் மேலே இருக்கிறது. 2022-இல் வந்த பிரைமாவில் பின்பக்கம். பிரேக்அவேயில் இன்னொரு விஷயமும் உண்டு. ஹேவன் சலுகையோடு விற்கப்படும் சில சூட்கள் அந்தப் பகுதிக்கு வெளியே, கப்பலின் பின் முனையில் இருக்கின்றன. 300 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பலில், காலை உணவுக்கு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடக்க வேண்டும். மூட்டு வலி உள்ள பெரியவர்களோடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ராயல் கரீபியன் நிறுவனத்திலும் இப்படித்தான். ஒயாசிஸ் வகைக் கப்பல்களில் நீர்சாகச அரங்கம் பின்பக்கம் திறந்தவெளியில் இருக்கிறது. அதை ஒட்டிய சூட்களில் காட்சியும் இலவசம், ஒத்திகைச் சத்தமும் இலவசம். அதே நிறுவனத்தின் ஐகானில் அந்த அரங்கம் முன்பக்கம் மேலே குவிமாடத்துக்குள் போய்விட்டது. பின்பக்கம் இப்போது குழந்தைகள் விளையாடும் சர்ஃப்சைடு. ஆகவே, நிறுவனத்தின் பெயரை வைத்து யோசனை கேட்காதீர்கள், கப்பலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இடமா வலமா என்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒரே துறைமுகத்துக்குத் திரும்பி வரும் பயணத்தில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். வான்கூவரிலிருந்து அலாஸ்காவின் சீவர்டுக்கு ஒருவழியாகப் போகும்போது மட்டும் வலப்பக்கம் எடுங்கள், கரை அந்தப் பக்கம் வரும். கிளேசியர் வளைகுடாவில் பனிப்பாறைக்கு முன்னால் கப்பலையே திருப்பிக் காட்டுவார்கள் என்பதால் அங்கே யாருக்கும் இழப்பில்லை.

விலை குறைவு என்று இடத்தை விட்டுக்கொடுப்பது

‘கேரண்டி’ என்ற பெயரில் விற்பதில் அறையின் வகை மட்டும்தான் உறுதி, இடம் நிறுவனம் தருவது. ஏலம் கேட்டு மேல்வகை வாங்கும் திட்டத்திலும் இதே கதை. நடுவில் அமைதியான பால்கனி அறையை யோசித்துத் தேர்ந்தெடுத்தவர், குறைந்த ஏலத்தில் சூட் கிடைத்ததென்று சந்தோஷப்பட்டு, நீச்சல் குளத்துக்குக் கீழே போய்ச் சேரலாம். கேட்காமலே மேல்வகைக்கு மாற்றுவதும் சில சமயம் நடக்கும். இருக்கும் இடமே உங்களுக்குப் பிடித்திருந்தால், மாற்ற வேண்டாம் என்று பதிவிலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

முகவரிடம் “நல்ல சூட்டாகக் கொடுங்கள்” என்று சொன்னால் காலியாக இருப்பதில் விலை அதிகமானதைத்தான் காட்டுவார். “நடுப்பகுதி வேண்டும், மேலேயும் கீழேயும் அறைகளே இருக்க வேண்டும், இணைப்புக் கதவு வேண்டாம். அறை எண்ணைச் சொல்லுங்கள், பார்த்துவிட்டுப் பணம் கட்டுகிறேன்” என்று கேளுங்கள். வரைபடம் உங்கள் பயண ஆண்டுக்கு உரியதா என்றும் பாருங்கள், பராமரிப்புக்குப் போய் வரும் கப்பல்களில் உணவகமும் மதுக்கூடமும் இடம் மாறும். முழுத் தொகை கட்டும் கெடுவுக்கு முன்னால் அறையை மாற்றிக்கொள்வது பொதுவாக எளிது. கப்பல் ஏறிய பிறகு, காலி அறை இருந்தால்தான் உண்டு.