காங்கிரஸ் அலுவலகத்துக்குப் போன் செய்வது: உங்கள் குரல் கணக்கில் ஏற என்ன பேச வேண்டும்

வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்துக்குப் போன் அடித்தால், எடுப்பவர் பெரும்பாலும் கல்லூரி மாணவரான ஓர் இன்டர்ன். அவர் குறித்துக்கொள்வது நாலைந்து விவரங்கள்தான்: பெயர், முகவரி, ஜிப் கோடு, எந்த விஷயம், ஆதரவா எதிர்ப்பா. நீங்கள் பத்து நிமிடம் மனம் கொதித்துப் பேசினாலும் அந்த ஒரு வரிதான் மேலே போகும். அந்த வரி தெளிவாக விழும்படி பேசினால் போதும், இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

முதலில் யாருக்குப் போன் செய்வது என்று பாருங்கள். ஐம்பது மாநிலங்களில் எங்கே வசித்தாலும் உங்களுக்கு மூன்று பேர் உண்டு: பிரதிநிதிகள் சபையின் 435 பேரில் ஒருவர், செனட்டின் 100 பேரில் இருவர். ஹவுஸ் டாட் கவ் தளத்தில் ஜிப் கோடு போட்டால் பிரதிநிதியின் பெயர் வரும். சில ஜிப் கோடுகள் இரண்டு தொகுதிகளில் விழும்; அப்போது முழு முகவரியையும் கொடுங்கள். டெக்ஸாஸ், கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் 2025-இல் தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். அங்கே இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: புது வரைபடம் 2026 தேர்தலுக்கானது. 2027 ஜனவரி 3 வரை உங்கள் பிரதிநிதி பழைய வரைபடத்தின்படி வந்தவரே. வேறு தொகுதி உறுப்பினர் டிவியில் பேசியது பிடிக்கவில்லை என்று அவருக்குப் போன் செய்வது வீண். முகவரியைக் கேட்டதும் ஒதுக்கிவிடுவார்கள்.

குடியுரிமை இல்லையே என்று பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் வேண்டாம். பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுத்து மாநிலங்களுக்கு இடம் பிரிக்கும்போது வாக்குரிமை இல்லாதவர்களையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். நீங்கள் அந்தத் தொகுதியில் வசிப்பவர். சொல்ல வேண்டியது முகவரி மட்டும். விசா நிலையை நீங்களாகச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது, சரியான கதவைத் தட்டுவது. பெரும்பாலான அழைப்புகள் வீணாவது இங்கேதான். பள்ளிப் பாடத்திட்டம், ஓட்டுநர் உரிமம், 2022 ஜூன் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கருக்கலைப்புச் சட்டம் எல்லாம் பெரும்பாலும் மாநிலச் சட்டமன்றத்தின் கையில் இருப்பவை. நீதிபதிகள், அமைச்சர்கள் நியமனத்தில் வாக்களிப்பது செனட் மட்டுமே. அதற்குப் பிரதிநிதியை அழைத்துப் பயனில்லை. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் வந்தது ஜனாதிபதியின் பிரகடனத்தால். காங்கிரஸில் அதற்கு வாக்கெடுப்பே நடக்கவில்லை. "அதை எதிர்த்து ஓட்டுப் போடுங்கள்" என்றால் இன்டர்னுக்கு எழுத எதுவும் இருக்காது. "இதை மாற்றும் மசோதாவுக்கு இணை ஆதரவாளராகச் சேருங்கள்" என்றோ, "துறையிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதுங்கள்" என்றோ கேட்டால் எழுதிக்கொள்வார்.

கிரீன் கார்டு வரிசை அப்படியல்ல. வேலைவாய்ப்பு வழியில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000, ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பு காங்கிரஸ் இயற்றிய சட்டத்திலேயே இருக்கிறது. அதை மாற்றக் காங்கிரஸால்தான் முடியும். அதனால்தான் நம்மவர்கள் அதிகம் போன் செய்ய வேண்டிய விஷயம் இது என்பேன்.

போனை எடுக்கும் முன் மசோதா எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காங்கிரஸ் டாட் கவ் தளத்தில் தலைப்பைத் தேடினால் கிடைக்கும். எச்.ஆர். என்று தொடங்கினால் பிரதிநிதிகள் சபை மசோதா, எஸ். என்றால் செனட் மசோதா. அந்தப் பக்கத்தில் மூன்றைப் பாருங்கள்: எந்தக் குழுவில் கிடக்கிறது, கடைசி நடவடிக்கை எந்தத் தேதியில், இணை ஆதரவாளர் பட்டியலில் உங்கள் உறுப்பினர் ஏற்கெனவே இருக்கிறாரா. இருந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த படியைக் கேளுங்கள்.

எண்ணோடு எத்தனையாவது காங்கிரஸ் என்பதையும் பாருங்கள். இரண்டாண்டு முடிந்தால் நிறைவேறாத மசோதா செத்துவிடும், எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். நாட்டு வரம்பை நீக்கும் எச்.ஆர். 1044, 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-65 என்று நிறைவேறியது. செனட் 2020 டிசம்பரில் மாற்றங்களோடு தன் வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் ஜனவரி 3 வந்துவிட்டது, எல்லாம் போயிற்று. பழைய எண்ணைச் சொல்லி இன்று போன் செய்தால் நீங்கள் நினைக்கும் மசோதாவில் அது சேராது.

எண் 202-224-3121. இது காங்கிரஸ் கட்டடமான கேபிட்டலின் பொது இணைப்பகம். பெயரைச் சொன்னால் இணைப்பார்கள். கிழக்குக் கடற்கரை நேரப்படி வேலை நேரத்தில் அழையுங்கள். பேச வேண்டியது இவ்வளவுதான்: பெயர், ஊர், ஜிப் கோடு, மசோதா எண், ஒரே ஒரு கோரிக்கை, அது உங்கள் வீட்டில் எப்படித் தொடுகிறது என்று ஒரே வாக்கியம். உதாரணமாக, "என் மகனுக்கு அடுத்த ஆண்டு 21 வயது ஆகிறது, எங்கள் கிரீன் கார்டு வரிசையிலிருந்து அவன் வெளியே விழுந்துவிடுவான்." எழுதிக் கொடுத்ததை வாசிப்பது போலப் பேசுவதைவிட இந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். கடைசியில் "இதில் உறுப்பினரின் நிலை என்ன?" என்று கேளுங்கள். செனட்டராக இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள்: பெரும்பாலான மசோதாக்களில் விவாதத்தை முடிக்கவே அங்கே 60 வாக்கு வேண்டும், அந்த வாக்கிலும் ஆதரிப்பாரா?

இரண்டு மூன்று விஷயங்களை ஒரே அழைப்பில் கலக்காதீர்கள். வாய்ஸ்மெயில் வந்தால் முகவரியை முதலில் சொல்லுங்கள், பாதியில் வெட்டினாலும் அது பதிவாகியிருக்கும். வாக்கெடுப்புக்கு முந்தைய நாட்களில் செய்யும் அழைப்புக்கே பலம். தபால் வேண்டாம். 2001-இல் ஆந்த்ராக்ஸ் நோய்க்கிருமி வைத்த கடிதங்கள் வந்ததற்குப் பிறகு கேபிட்டலுக்கு வரும் தபாலை வேறிடத்தில் சோதித்த பிறகே அனுப்புகிறார்கள், அதற்குள் வாக்கெடுப்பு முடிந்துவிடலாம்.

சொந்தக் கோப்பு சிக்கிக்கொண்டால் வாஷிங்டனை விட்டுவிட்டுத் தொகுதி அலுவலகத்தை அழைத்து, தனிநபர் கோப்புகளைக் கவனிக்கும் ஊழியரான கேஸ்வொர்க்கரைக் கேளுங்கள். பாஸ்போர்ட், வரி ரீஃபண்ட், சோஷியல் செக்யூரிட்டி, குடியேற்ற மனு எல்லாம் இதில் வரும். 1974 தனியுரிமைச் சட்டத்தால் உங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் இல்லாமல் அவர்களால் துறையிடம் விசாரிக்க முடியாது. குடியேற்ற மனுவென்றால் மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் கொண்ட ரசீது எண்ணை ஒரு தடவைக்கு இரு தடவை சரிபார்த்து எழுதுங்கள். வழக்கமான பரிசீலனைக் காலம் தாண்டியிருந்தால் அதைத் தேதியோடு சொல்லுங்கள். அவர்களால் கேட்க முடியும். "கொடு" என்று உத்தரவிட முடியாது. பிரதிநிதி, இரு செனட்டர்கள் என்று மூவரிடமும் ஒரே நேரத்தில் கொடுத்தால் ஒருவர் பார்க்கிறார் என்று மற்றவர் விட்டுவிடுவார். ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். இது இலவசச் சேவை. காசு கேட்பவர் எவரானாலும் மோசடிக்காரர்.

எச்-1பி வேலை விசா, எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் எந்தத் தேர்தல் பிரசாரத்துக்கும் ஒரு டாலர்கூட நன்கொடை தரக்கூடாது, கூட்டாட்சிச் சட்டம் அதைத் தடுக்கிறது. பிரசாரத்துக்கு நிதி திரட்டும் விருந்துக்கு டிக்கெட் வாங்குவதும் நன்கொடையே. கிரீன் கார்டு உள்ளவர்கள் தரலாம்.

பேசிய தேதியையும் கிடைத்த பதிலையும் எழுதி வையுங்கள். "இன்னும் முடிவெடுக்கவில்லை" என்றால் இரண்டு வாரம் கழித்து மறுபடி அழைத்து, அந்தத் தேதியைச் சொல்லிக் கேளுங்கள்.