அப்பளத்தை வைத்து ஒளியின் வேகத்தை அளப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கம் விருந்து இலையில் விழுகிற உளுந்து அப்பளம் நாலைந்து, ஒரு ஸ்கேல், சுழல்தட்டு உள்ள மைக்ரோவேவ் அவன். இவ்வளவு போதும். "எண்ணெய் இல்லாம என்ன அப்பளம்?" என்று ஆச்சி கேட்டால், கணக்குப் பாடத்துக்கு என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: சுழலும் கண்ணாடித் தட்டையும் அதற்கடியில் இருக்கும் வளையத்தையும் வெளியே எடுங்கள். தட்டு சுற்றினால் சூடு எங்கும் பரவிவிடும். நமக்குப் பரவாத சூடுதான் வேண்டும். நடுவில் துருத்தும் முளையைப் பீங்கான் கிண்ணத்தால் கவிழ்த்து மூடி, அதன்மேல் தட்டையான பீங்கான் தட்டை அசையாமல் வையுங்கள். எவர்சில்வர் கூடவே கூடாது.

அடுத்து, பொரிக்காத அப்பளங்களை இடைவெளி விடாமல் பரப்பி மைக்ரோவேவ் அவனை ஓடவிடுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். 15, 20 விநாடியில் அங்கங்கே வெள்ளையாகக் கொப்புளம் கிளம்பும், நடுவில் உள்ள இடம் மஞ்சளாகவே கிடக்கும். உடனே நிறுத்துங்கள். முழுக்கப் பொரிந்துவிட்டால் அளக்க ஒன்றும் மிஞ்சாது.

பெட்டியின் சுவர்களில் மோதித் திரும்பும் மைக்ரோவேவ் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பாதி அலைநீளத்துக்கு ஒரு சூட்டுப் புள்ளியை உண்டாக்குகின்றன. அடுத்தடுத்த இரண்டு கொப்புளங்களின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்து பாருங்கள். பல ஜோடிகளை அளந்து சராசரி எடுப்பது நல்லது. பெட்டிக்குள் அலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஓடுவதால் புள்ளிகள் ஒழுங்காக வராது.

6.1 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டால் பெருக்கினால் அலைநீளம் 0.122 மீட்டர். மைக்ரோவேவ் அவனின் பின்பக்க லேபிளில் 2450 மெகாஹெர்ட்ஸ் என்றிருக்கும். அதாவது விநாடிக்கு 245 கோடி அலை. இரண்டையும் பெருக்கினால் விநாடிக்கு 29.89 கோடி மீட்டர். உண்மையான மதிப்பு 29,97,92,458. மைக்ரோவேவும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் ஒரே வகை மின்காந்த அலை என்பதால் வெற்றிடத்தில் இரண்டுக்கும் வேகம் ஒன்றுதான். பத்து சதவீதம் தப்பினாலும் வருத்தப்படாதீர்கள்.

ஆனால் இதை ஐன்ஸ்டீனுக்குச் சாட்சியாகக் காட்டாதீர்கள். நாம் அளந்தது வேகத்தை மட்டும். ஓடும் பஸ்ஸிலிருந்து முன்னால் எறிந்த பந்துக்கு பஸ்ஸின் வேகமும் சேரும். ஒளிக்கு அப்படிச் சேருமா என்பதுதான் ஐன்ஸ்டீனின் சிறப்புச் சார்பியல் கோட்பாட்டின் கேள்வி. அதை 1964இல் ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தில் நேரடியாகவே சோதித்தார்கள். ஒளியின் வேகத்தில் 99.9 சதவீதத்துக்கும் மேல் பாய்ந்த பயான் என்னும் நுண்துகள்கள் சிதைந்து, ஒளியைப் போலவே மின்காந்த அலையான காமாக் கதிர்களை முன்னோக்கி வீசின. கதிர்களின் வேகம் இரட்டிப்பாகவில்லை. அதே 30 கோடிதான்.