மணமுறிவுக்கும் பெருநோய்க்கும் பிறகு வீட்டை மறுபடி நடத்துவது எப்படி?

மணமுறிவு ஆணை கைக்கு வந்து, மார்பகப் புற்றுநோய்க்கான அறுவையும் கீமோவும் முடிந்து, இரண்டு பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குத் திரும்பியிருக்கும் ஒரு பெண்ணையும் அவரைச் சுற்றியுள்ளவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நோய் வேறாக இருந்தாலும், பிரிந்து வந்தவர் ஆணாக இருந்தாலும், செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதி மாறாது. வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ஆம்பூர் எனப் பழைய வடாற்காட்டில் இருப்பவர்களுக்கு, வேலூர் சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனை இருப்பதால், சிகிச்சை பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. வெளிமாநிலங்களிலிருந்து ரயிலேறி வந்து, லாட்ஜில் அறையெடுத்துத் தங்குபவர்களின் பாடு நமக்கு இல்லை. ஆனால் சிகிச்சை முடிந்தபின் வீட்டை எப்படி நடத்துவது என்பதை எந்த மருத்துவமனையும் எழுதிக் கொடுப்பதில்லை.

முதலில், "எல்லாம் பழையபடி ஆகிவிடும்" என்று வீட்டார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதை நிறுத்துவது நல்லது. பழைய வீட்டில் இருந்த ஒருவர் இப்போது இல்லை. இருப்பவரின் உடம்பும் பழைய உடம்பு இல்லை. பெரிய கட்டங்கள் உள்ள ஒரு மாதக் காலண்டரை வாங்கிக் கூடத்தில் மாட்டி, மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாட்களை ஒரு மையிலும், பிள்ளைகள் தந்தையோடு இருக்க வேண்டிய நாட்களை இன்னொரு மையிலும் குறியுங்கள். சிகிச்சைக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனையும், ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயும் இருக்கும். ஹார்மோன் சார்ந்த கட்டியாக இருந்திருந்தால் குறைந்தது 5 ஆண்டுகளுக்குத் தினமும் மாத்திரை உண்டு. உடம்பு தேறிவிட்டது என்று அதைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. இந்த இரண்டு வகைத் தேதிகளும் உறுதியான பின்னரே மற்றவர் வீட்டுக் கல்யாணம், வீடு மாற்றுவது, குலதெய்வக் கோயிலுக்குப் போவது எல்லாவற்றுக்கும் நாள் பாருங்கள்.

வீட்டு வேலையைப் பிரிப்பதில் இரண்டு விதமாகவும் தவறு நடக்கிறது. சில வீடுகளில் சிகிச்சை முடிந்த அடுத்த மாதமே, "இப்பத்தான் நல்லா ஆயிட்டியே" என்று அடுப்படியை அவரிடமே ஒப்படைத்துவிடுகிறார்கள். கீமோவின் அயர்ச்சி மாதக்கணக்கில் நீடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. வேறு சில வீடுகளில் அவரை ஒரு துரும்பையும் தூக்கவிடாமல் கட்டிலோடு உட்கார வைத்துவிடுகிறார்கள். அவருக்கோ தான் விருந்தாளியா பாரமா என்று புரிவதில்லை. அக்குளில் நிணநீர்க் கணுக்களை அகற்றியிருந்தால் அந்தப் பக்கத்துக் கையில் வீக்கம் வரும் வாய்ப்பு, சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கடந்தும் உண்டு. எனவே தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், ஈரத்துணி வாளி ஆகியவை வேறு யாருடைய பொறுப்பு என்பதைப் பெயர் சொல்லியே முடிவு செய்யுங்கள். நம் பக்கத்து வீடுகளில் கேழ்வரகுக் களி கிண்டுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். துடுப்பைப் பிடித்து அடியிலிருந்து புரட்டும் வேலை தோளுக்கும் கைக்கும் எவ்வளவு கடினம் என்பது கிண்டியவருக்குத் தெரியும். அதைத் தம்பி கற்றுக்கொள்ளட்டும். அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருப்பதும் கெடுதல். பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளைச் செய்தபடி, படிப்படியாக வேலையைக் கூட்ட வேண்டும். வீட்டுச் செலவுக் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு, பள்ளிக்கூட ஆசிரியரிடம் பேசுவது போன்றவற்றை முதல் நாளிலிருந்தே அவரிடம் விடலாம், விடவும் வேண்டும். இன்னும் கீமோ நடந்துகொண்டிருக்கும் வீடாக இருந்தால் ஒரு தெர்மாமீட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்; காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் கஷாயம் போட்டுப் பார்த்துக்கொண்டிராமல் அந்த நேரமே மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிட வேண்டும்.

அடுத்தது காகிதங்கள். இதில் நிதானமும் வரிசையும் வேண்டும், ஏனென்றால் ஒன்றைக் காட்டித்தான் அடுத்ததை வாங்க முடியும். மணமுறிவு ஆணையின் சான்றிட்ட நகல்களை நீதிமன்றத்தில் மனுப் போட்டு ஒன்றுக்கு மேற்பட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலூரில் இருப்பவர்கள் இதற்குச் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்குப் போவார்கள். அடுத்து வருவது குடும்ப அட்டை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. அதில் யார் குடும்பம் என்பதைக் குடும்ப அட்டையை வைத்தே பார்க்கிறார்கள். கோபத்தில் முதல் வேலையாகக் கணவர் வீட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்கிக்கொண்டு, புதிய அட்டைக்கு நிதானமாக மனுச் செய்தால், இடையில் வரும் ஒரு ஸ்கேனுக்கோ அறுவைக்கோ காப்பீடு இல்லாமல் நிற்க நேரும். நீக்கலும் சேர்த்தலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நடக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தாய்வீட்டு அட்டையில் மகளாகச் சேர்வதைவிட, தனிச் சமையல் வைத்துப் பிள்ளைகளோடு தனி அட்டை வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. குடும்பத் தலைவி என்ற நிலை காகிதத்தில் வந்துவிட்டால் காப்பீட்டுக்கும், 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை போன்றவற்றுக்கும் விண்ணப்பிக்கையில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அட்டை வந்தபின் வருமானச் சான்று, அதன்பின் ஆட்சியர் அலுவலகத்தில் காப்பீட்டுப் பதிவு என்று போக வேண்டும். ஆணை இன்னும் வரவில்லை, கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார் என்ற நிலையில் இருப்பவர்கள், கைவிடப்பட்ட பெண் என்பதற்கான வருவாய்த்துறைச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனுச் செய்யலாம்.

கணவரின் கம்பெனி எடுத்திருந்த குழுக் காப்பீட்டில் சிகிச்சை நடந்திருந்தால், மனைவி என்ற உறவு சட்டப்படி முடியும் நாளோடு அந்தப் பாதுகாப்பும் முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு மட்டும் தொடரலாம். சம்மத மணமுறிவுக்குக் கையெழுத்துப் போடும் முன்பே இதைப் பேசி, சிகிச்சைச் செலவை யார் ஏற்பது என்பதை உடன்படிக்கையில் எழுதிவிடுவது புத்திசாலித்தனம். அப்படி எழுதாமல் ஆணையாகிவிட்டது, நோய் பின்னால்தான் தெரிந்தது என்றாலும் வழி அடைபட்டுவிடவில்லை. இந்துத் திருமணச் சட்டம் 25-ஆம் பிரிவின்படி, சூழ்நிலை மாறியிருந்தால் ஜீவனாம்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ அதே நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்து முஸ்லிம் பெண்களுக்கும் எல்லா மதத்தினருக்கும் பொதுவான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் (இப்போது அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) ஜீவனாம்சம் கேட்கும் உரிமை உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் மறுபடி உறுதிசெய்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவது சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கடமை. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

இந்தப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் பலருக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள், ஆனால் அதில் என்ன கிடைக்கும் என்பது தெரிவதில்லை. சாதாரண நோய்க்கு ஆண்டில் 91 நாள் வரை 70 விழுக்காடு சம்பளம் என்பதைத் தாண்டி, புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு சம்பளம் 2 ஆண்டு வரை தரும் ஏற்பாடு உண்டு. தொடர்ந்து 2 ஆண்டு வேலையில் இருந்திருக்க வேண்டும், போதிய நாட்களுக்குப் பங்களிப்புக் கட்டியிருக்க வேண்டும். உடம்பு முடியவில்லை என்று வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வரும் முன் இதை விசாரியுங்கள். பி.எஃப்., வங்கிக் கணக்கு, எல்.ஐ.சி. ஆகியவற்றில் நாமினியாக இருக்கும் பழைய பெயரையும் மாற்றுங்கள். மணமுறிவு ஆனதாலேயே அந்தப் பெயர் தானாக மாறிவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

காகிதத்தில் தவறு நேர்ந்தால் மறுபடி மனுப் போடலாம். பிள்ளைகளிடம் சொல்லும் சொல்லுக்கு அந்த வசதி இல்லை. அம்மாவுக்கு வந்தது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்பதையும், நோயும் சரி பிரிவும் சரி அவர்கள் செய்த எதனாலும் வரவில்லை என்பதையும், அம்மா மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் யார் சோறு போட்டு யார் பள்ளிக்கு அனுப்புவார்கள் என்பதையும் முதலில் சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளின் மனத்தில் ஓடுவது பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தாம். "நீ செத்துப் போயிடுவியாம்மா?" என்று கேட்டால் வாயைப் பொத்தி, "அச்சானியமா பேசாதே" என்று அடக்குவது நம் வழக்கம். அதற்குப் பதிலாக, "இப்ப நோய் இல்லைன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, மறுபடி வரலையேன்னு பாக்கத்தான் போறோம், எது இருந்தாலும் உங்கிட்ட மறைக்க மாட்டேன்" என்று சொல்வது பிள்ளையைத் தூங்க வைக்கும். இனி எதுவுமே வராது என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். மூத்தது பெண்ணாக இருந்தால், யாரும் சொல்லாமலே சமையலையும் தம்பியையும் ஏற்றுக்கொண்டிருப்பாள்; சுற்றத்தார் அதைப் பொறுப்பு என்று மெச்சுவார்கள். அவளுடைய பள்ளி வருகைப் பதிவேட்டையும், தோழிகளோடு அவள் பேசும் நேரத்தையும் பாருங்கள். இரண்டும் குறைந்திருந்தால் அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கிவிட வேண்டும்.

தந்தையோடு போய்வரும் நாட்களில் கெடுவது பெரும்பாலும் திரும்பி வரும் நேரம்தான். ஞாயிறு மாலை தெருமுனையில் பையனை இறக்கிவிட்டுப் போகிறார் தந்தை. வாசற்படியிலேயே ஆயா காத்திருக்கிறார்: "அங்க யார் யார் இருந்தாங்க? உங்கப்பன் எங்களைப் பத்தி என்ன சொன்னான்?" பையன் தலை நிமிராமல் ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருக்கிறான், அவிழ்ந்த பின்னும் அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆயாவின் கேள்வியில் பேரன்மேல் உள்ள பாசமும் மகளுக்காக உள்ள கோபமும் கலந்திருக்கின்றன. அவரைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. அந்த ஒரு மணி நேரம் அவரைப் பக்கத்துக் கோயிலுக்கோ கடைக்கோ அனுப்பிவிடுங்கள். பையனுக்குச் சாப்பாட்டைப் போட்டு, அவனாகப் பேசும்வரை விடுங்கள். பள்ளிக் கட்டணம், உடல்நிலை, தேதி மாற்றம் எதுவானாலும் பெரியவர்கள் வாட்ஸப்பில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளட்டும். பிள்ளையைத் தூது அனுப்பக் கூடாது. நேரில் பார்ப்பதே சண்டையாகிறது என்றால் வேலூர்க் கோட்டைப் பூங்கா போன்ற பொது இடத்தில் ஒப்படைத்து வாங்கிக்கொள்ளலாம்.

சடங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. மகள் பூப்பெய்தும்போது தாய்மாமன் சீருக்குக் குறைவிருக்காது. தண்ணீர் ஊற்ற அத்தை வர வேண்டுமே என்பதுதான் சிக்கலாகும். அந்தப் பக்கத்துக்கு மரியாதையாக ஒரு பத்திரிகை அனுப்புங்கள், வருவதும் வராததும் அவர்கள் விருப்பம்; வராவிட்டால் சித்தியோ பெரியம்மாவோ ஊற்றட்டும். எல்லாவற்றுக்கும் முன், இப்படி ஒரு விழா தனக்கு வேண்டுமா என்று அந்தப் பெண்ணிடமே கேட்டுவிடுங்கள். கடன் வாங்கிச் செய்யும் விழா, அடுத்த பரிசோதனைக்கு வைத்திருக்கும் பணத்தைத்தான் முதலில் தின்னும்.

மறுமணப் பேச்சை எடுப்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எடுக்கிறார்கள். இருந்தும் சிகிச்சைக்குப் பிந்தைய முதல் ஆண்டில் அதை வீட்டுக்குள் விட வேண்டாம். அவருக்குத் தூக்கம் வாரக்கணக்கில் கெட்டிருந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ அதையும் நோயின் பகுதியாகவே கருதி மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணில் தமிழிலேயே பேசலாம், பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத உயில். சிகிச்சை நல்லபடியாக முடிந்திருக்கும் காலமே இதற்கு ஏற்ற காலம். தாய் இறந்துவிட்டால், மணமுறிவு ஆகியிருந்தாலும் இந்துச் சட்டப்படி தந்தையே பிள்ளைகளின் இயற்கைக் காப்பாளர். பிள்ளைகளின் நலனை முன்வைத்து நீதிமன்றம் வேறு முடிவு எடுக்கலாம், ஆனால் அதற்கு வழக்கு நடத்த வேண்டும். ஆகவே தந்தையோடு பிள்ளைகளுக்கு உள்ள உறவை அறுத்துவிட்டு, பின்னால் அவர்களை அன்னியர் வீட்டுக்கு அனுப்புவதுபோல் அனுப்ப நேராதிருக்க, இப்போதே அந்தப் போக்குவரத்தைக் காப்பாற்றுங்கள். உங்கள் பேரில் உள்ள பணமும் நகையும் இடமும் பிள்ளைகளுக்கு எப்படிப் போக வேண்டும், அவர்கள் பெரியவர்களாகும்வரை யார் நிர்வகிப்பது என்பதை உயிலில் எழுதலாம். இரண்டு சாட்சிகளின் கையெழுத்து கட்டாயம் வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பிற்பாடு தகராறுக்கு இடம் குறையும். நிர்வகிப்பவராக எழுதப்படும் தம்பியிடமோ அண்ணனிடமோ முன்கூட்டியே கேட்டு, உயில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை அவருக்கும் இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள்.