வடசென்னையில் ஒரு உதவிக் கச்சேரி நடத்துவது எப்படி?

ராயபுரம், பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் பாடுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. சர்ச் கொயரில் பாடுகிறவர், மார்கழி பஜனையில் பாடுகிறவர், கானா பாடும் பையன்கள் என்று எல்லாரும் அக்கம்பக்கத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களை ஒரே மேடையில் ஏற்றி, ஏரியாவில் இயங்கும் ஒரு மாலைநேர டியூஷன் மையத்துக்குப் பணம் திரட்டலாம். முதன்முறை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, பணம் எதற்கு என்று முடிவு செய்வது. "ஏழைக் குழந்தைகளுக்காக" என்று பொதுவாகப் போடாதீர்கள். "மையத்தின் ஒரு வருட வாடகைக்கு" என்று தொகையோடு நோட்டீஸ் அடியுங்கள். மண்டபம், மைக்செட், டீ செலவைக் கடைக்காரர்களிடம் முன்பே பேசி வாங்கிவிட்டால், உண்டியலில் விழுவது அப்படியே மையத்துக்குப் போகும்.

அடுத்தது தேதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாளில் மீனவக் குடும்பங்களிடம் கை நீட்டவே கூடாது. மழை மாதங்களும் வேண்டாம். பிப்ரவரி நல்லது. தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை மாதிரி மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்தால் இரவில் வீடு திரும்புவது எளிது.

இப்போது பாட்டு. இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். இருபது பேர், எட்டுப் பாட்டு போதும். பாட்டின் சுருதியைக் கட்டை என்பார்கள். ஆண்களுக்கு ஒன்றாம் கட்டை வசதி, பெண்களுக்கு ஐந்தாம் கட்டை வசதி. சேர்ந்து பாடும்போது யாராவது ஒரு பக்கம் தொண்டை கிழியும். அதனால் ஒரு ஸ்தாயிக்குள் (கீழ் 'ச' முதல் மேல் 'ச' வரை) அடங்குகிற மெட்டாகத் தேர்ந்தெடுங்கள். கட்டையைக் கீபோர்டில் மாற்றி மாற்றிப் பார்த்து, இரண்டு தரப்புக்கும் ஒத்துவருவதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு குரல் பிரிவெல்லாம் ஆரம்பத்திலேயே வேண்டாம். முதலில் எல்லாரும் ஒரே மெட்டில் பாடட்டும். அது படிந்ததும், ஒரு குழு முதல் வரியை முடிக்கும்போது அடுத்த குழு அதே வரியைத் தொடங்கும்படி ஒரு பாட்டை மட்டும் அமையுங்கள். எல்லா மெட்டுக்கும் இது பொருந்தாது, பாடிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். பொருந்திவிட்டால் அரங்கமே நிமிர்ந்து உட்காரும்.

பாரதியார் வரிகள் நாட்டுடைமையானவை, தயங்காமல் பாடலாம். ஆனால் அந்த வரிகளுக்குச் சினிமாவில் போட்ட மெட்டு வேறு சொத்து. சினிமாப் பாட்டு வேண்டுமென்றால், பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் உரிமையைக் கவனிக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பிடம் உரிமம் பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வாரம் ஒரு ஒத்திகை, இரண்டு மாதம். கடைசி ஒத்திகை அந்த மண்டபத்திலேயே நடக்கட்டும். ஆளுக்கொரு மைக் தேவையில்லை; ஸ்டாண்டில் மூன்று மைக் போதும். ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால், மக்களைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் கீச்சென்று கத்தும். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணிக்கு மேல் கூடாது.

சரி, கலெக்‌ஷன். கடைசிப் பாட்டுக்கு முன்னால் மையத்து டீச்சர் இரண்டே நிமிடம் பேசட்டும், உடனே உண்டியல் சுற்றி வரட்டும். பத்து ரூபாய் போடுகிறவருக்கும் அதே வணக்கம், அதே நன்றி. க்யூஆர் அட்டை மையத்தின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும், அமைப்பாளர் போனுக்கு வேண்டாம். வரிச்சலுகை கேட்பவர்களிடம், மையத்துக்கு நன்கொடை வரிச்சலுகைக்கான 80ஜி பதிவு இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை கிடைக்காது என்று சொல்லிவிடுங்கள்.

உண்டியலை அங்கேயே, இரண்டு பேர் முன்னிலையில் திறந்து எண்ணி, தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மொத்தத் தொகையை மைக்கில் அறிவியுங்கள். ஒரு வாரத்துக்குள் வரவு செலவையும் வாடகை ரசீதையும் நோட்டீஸ் ஒட்டிய அதே சுவர்களில் ஒட்டுங்கள்.