வளர்ப்பு வீட்டுக்கு வரும் பதின்பருவப் பிள்ளை: பெரியவர்கள் செய்யும் தவறுகள்

பெற்றவர்களோடு இருக்க முடியாமல் வேறொரு குடும்பத்தின் வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பதின்பருவப் பிள்ளையிடம் எந்தக் கோபத்திலும் சொல்லக்கூடாதது, "இப்படியே இருந்தால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்பதுதான். சொல்பவருக்கு அது வெறும் மிரட்டல். ஏற்கெனவே இரண்டு மூன்று வீடு மாறி வந்த பிள்ளைக்கோ அது நடந்து முடிந்த கதை. வந்த புதிதில் சத்தமே இல்லாமல் இருந்த பிள்ளை, கொஞ்சம் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்ததும் கதவை உதைப்பதும் ராத்திரி வீடு திரும்பாமல் இருப்பதும் பலருக்குப் புரிவதில்லை. எப்படியும் அனுப்பத்தான் போகிறார்கள், அது இப்போதே நடந்துவிட்டால் வலி குறையும் என்று தனக்கே தெரியாமல் போடும் கணக்காக அது இருக்கலாம்.

அதற்காக, "நீ எப்போதும் இங்கேதான் இருப்பாய்" என்று வாக்குக் கொடுப்பதும் சரியில்லை. அந்த முடிவு உங்கள் கையில் மட்டும் இல்லை. நீதிமன்றமும் குழந்தைகள் நலத் துறையும் இருக்கின்றன. "நீ செய்தது தப்பு, நாளைக்குப் பேசுவோம். இதற்காக உன்னை அனுப்பச் சொல்லி நான் கேட்கமாட்டேன்" என்பது உங்களால் காப்பாற்ற முடிந்த வார்த்தை.

நாளைக்கு என்று தள்ளிப்போடுவதற்குக் காரணம் உண்டு. நிதானித்து யோசிக்க உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர 25 வயதுகூட ஆகலாம். பயத்திலேயே வளர்ந்த பிள்ளைக்கு ஒரு குரல் உயர்ந்தாலே உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிவிடும். அந்த நேரத்தில் புத்திமதி காதில் ஏறாது. குரலைத் தாழ்த்துங்கள், இரண்டு வார்த்தையோடு நிறுத்துங்கள், வாசலை மறித்து நிற்காதீர்கள். அப்புறம் காரில் போகும்போதோ பாத்திரம் கழுவும்போதோ பேசலாம். முகத்துக்கு நேராகப் பார்க்க வேண்டியதில்லை என்பதே பேச்சைச் சுலபமாக்கும்.

அப்போதும் "ஏன் செய்தாய்?" என்று விசாரணை வைத்தால் பதில் வராது. பல நேரம் அந்தப் பிள்ளைக்கே தெரியாது. அமெரிக்க உளவியலாளர் டான் ஹியூஸ் இதற்கு நான்கு குணங்களைச் சொல்கிறார்: விளையாட்டுத்தனம், ஏற்பு, ஆர்வம், பரிவு. ஏற்பு என்றால் செயலை ஏற்பதில்லை, அதன் பின்னால் இருக்கும் உணர்வை ஏற்பது. "அம்மாவைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனசு சரியில்லையோ?" என்று ஊகமாகக் கேட்டுப் பாருங்கள். தப்பாக ஊகித்தாலும் பரவாயில்லை, பிள்ளை திருத்தும்.

பெற்றவர்களைக் குறை சொல்லாதீர்கள். அவர்களைப் பற்றி பிள்ளையே ஆயிரம் சொல்லலாம், நீங்கள் ஒன்று சொன்னாலும் அது பிள்ளையைச் சொன்னதாகும். பெற்றவர்களைச் சந்தித்துவிட்டு வந்த பிறகு வீட்டில் ரகளை நடந்தால், சந்திப்பே தேவையில்லை என்று அவசரப்பட்டு முடிவுகட்டவும் வேண்டாம்.

கட்டிலுக்கடியில் சாப்பாட்டைப் பதுக்குவது திருட்டு இல்லை, பசியை அறிந்தவரின் முன்னெச்சரிக்கை. கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு டப்பாவைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள். நன்றியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இங்கே வரவேண்டும் என்று அந்தப் பிள்ளை கேட்கவில்லையே.

பரிவு என்று சொல்லி விதிகளையே எடுத்துவிடுவது இன்னொரு கோடி. எல்லை இல்லாத வீடும் பயமுறுத்தும். விதிகள் கொஞ்சமாக இருக்கட்டும், அவற்றைப் பிள்ளையோடு உட்கார்ந்து முடிவுசெய்யுங்கள். தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்வது பிள்ளையின் உரிமை என்று 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவே சொல்கிறது. உடைத்ததைச் சரிசெய்ய உதவுவது நியாயமான விளைவு. சாப்பாடு, அம்மாவோடும் கூடப்பிறந்தவர்களோடும் பேசுவது, இரண்டையும் தண்டனைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

"செத்துப்போகலாம் போலிருக்கிறது" என்ற பேச்சையோ கையில் தெரியும் வெட்டுக் காயத்தையோ "கவனம் ஈர்க்கத்தான்" என்று ஒதுக்காதீர்கள். சாக நினைக்கிறாயா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தனியாக விடாமல், அன்றைக்கே பிள்ளைக்குப் பொறுப்பான குழந்தைகள் நலத் துறை அலுவலருக்கும் மருத்துவருக்கும் சொல்லுங்கள்.