பலகை அறுக்கும் செயின்சா சங்கிலிக்கு அரம் போடுவது எப்படி?

விறகுக்குத் துண்டு போடும்போது சங்கிலி கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் வேலை ஓடிவிடும். அதே செயின்சாவைச் சட்டத்தில் மாட்டிக் கட்டையை நீளவாக்கில் பலகையாக அறுக்கும்போது அந்தச் சலுகை கிடையாது. ஒரு பக்கத்துப் பற்கள் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருந்தால், பார், அதாவது சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். பலகை அலை அலையாக வரும். அதனால் கூர்மையைவிடச் சமமான பற்களுக்குத்தான் முதல் மரியாதை.

வட்ட அரம் சங்கிலியின் அளவுக்குப் பொருந்த வேண்டும். சங்கிலியின் அளவை (பிட்ச்) அங்குலத்தில் சொல்வார்கள்: சாதாரண 3/8 சங்கிலிக்குப் பெரும்பாலும் 5.2 மி.மீ., .325-க்கு 4.8 மி.மீ. அரம். கூடவே ஒரு தட்டை அரம், ரேக்கர் கேஜ் (பல்லுக்கு முன்னால் உள்ள மேட்டின் உயரம் பார்க்கும் அளவி), நீளம் அளக்க வெர்னியர், கையுறை. ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றி, பாரை வைஸில் இறுக்குங்கள். சங்கிலியில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிடுங்கள்.

முதலில் வெர்னியரால் அளந்து, இருப்பதிலேயே குட்டையான பல்லைக் கண்டுபிடித்து மார்க்கரால் குறியுங்கள். மற்ற எல்லாப் பற்களும் அந்த நீளத்துக்கு வர வேண்டும்.

அடுத்தது பல்லின் மேல்விளிம்பை அராவும் கோணம். குறுக்கே வெட்டும் சங்கிலியில் இது பெரும்பாலும் 30 பாகை. பலகைக்கு 10 பாகை போதும். அரத்தைப் பாருக்குக் குறுக்கே நேராகப் பிடித்து, பல்லின் வெளிமுனை உள்முனையைவிடச் சற்றே முன்னால் நிற்கும்படி கொஞ்சம் திருப்பினால் சரி. கண்ணை நம்ப முடியவில்லை என்றால், பாகைமானியால் காகிதத்தில் 10 பாகைக் கோடு போட்டு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய 30 பாகைச் சங்கிலியை ஒரே நாளில் மாற்ற நினைக்காதீர்கள், பல் வீணாகத் தேயும். நாலைந்து முறை அரம் போடும்போது படிப்படியாகக் கொண்டுவரலாம்.

அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு மேலே தெரியட்டும். பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தள்ளுங்கள். திரும்பக் கொண்டுவரும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் அரமே மொட்டையாகும். விளிம்பை வெளிச்சத்தில் காட்டுங்கள். அதில் வெள்ளைக் கோடு மாதிரி ஏதாவது மின்னினால் அந்த இடம் இன்னும் மழுக்கை. மின்னல் மறையும்வரை போடவேண்டும். ஒரு பக்கத்துப் பற்களை முடித்துவிட்டு மறுபக்கம் திரும்புங்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளினால் போதும் என்பார்கள். நான் அதை நம்புவதில்லை. பழகிய கை வரும் பக்கத்தில் அழுத்தம் கூடும், அந்தப் பக்கம் அதிகம் தேயும். அளந்துதான் பார்க்கவேண்டும்.

மூன்று நான்கு முறைக்கு ஒருதரம் ரேக்கரையும் பாருங்கள். பல்லுக்கு முன்னால் நிற்கும் அந்த மேடு, பல்லைவிடச் சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். கேஜுக்கு மேலே நீட்டுவதைத் தட்டை அரத்தால் சீவி, முன்முனையை உருட்டிவிடுங்கள். ஆசைப்பட்டு அதிகம் இறக்கினால் சங்கிலி மரத்தைக் கவ்வும், எஞ்சின் திணறும், பார் எகிறி அடிக்கும் ஆபத்தும் கூடும்.

தேக்கில் சிலிக்கா இருப்பதால் பல் சீக்கிரம் மழுங்கும். எந்த மரமானாலும் மண் ஒட்டிய பட்டையை முதலில் உரித்துவிடுவது நல்லது. பலகை வேலையில் டேங்க் காலியாகும்போதெல்லாம் பல்லுக்கு இரண்டு தள்ளு போட்டுவிடுங்கள். சாலையோரப் புளியமரம் என்றால் போர்டு மாட்டிய ஆணி உள்ளே புதைந்திருக்கலாம். ஆணி பட்டு ஓரிரு பல் உடைந்தால், அவற்றுக்காக மொத்தச் சங்கிலியையும் குட்டையாக்க வேண்டாம். உடைந்ததை அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றைச் சமமாக வையுங்கள்.